காட்ஸ் கட்டும் நீர்கொழும்பு பஸ்ஸும்

மடுத் திருநாளுக்கு வந்த றோஸ்மேரி, திருநாள் முடிந்தும் ஊருக்குத் திரும்பாமல் தாழ்வுபாட்டில் நின்றது ஏனென்று போன கிழமை தெரிந்துவிட்டது. செத்துப்போன தங்கை றஞ்சிதாவின் பிள்ளைகள் இரண்டையும் நீர்கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தன்னோடு வைத்துப் படிப்பிக்க வேண்டும் என்பது அவளுடைய எண்ணம்.

பிள்ளைகளின் தகப்பன் றெனால்ட் நீர்கொழும்பில் நாட்கணக்கில் கடலில் தங்கி மீன் பிடிக்கிற பலநாள் வள்ளத்தில் போகிறவன். அவன் போனில் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "லீவு முடியுமட்டும் அங்க நிக்கட்டும். பிறகு பிள்ளையளே சொல்லட்டும், ஆரோட இருக்கப் போகினம் எண்டு" என்று சொல்லிவிட்டு வள்ளம் ஏறிவிட்டான்.

ஒரு பக்கம் பெரியம்மா. மறுபக்கம் வேணுஜா.

வேணுஜா றெனால்டின் இரண்டாம் மனைவியாக அந்தத் தாழ்வுபாட்டு வீட்டுக்கு வந்து இன்னும் ஒரு வருசம் ஆகவில்லை. வெள்ளாங்குளத்து வயல்காரர் சிவராசாவின் மகள். கலியாணத்துக்கு முன்னர் முன்பள்ளி ரீச்சர். மூத்தவள் கிருஷிகாவுக்குப் பதினொரு வயது, சின்னவன் ஜஸ்ரினுக்கு ஏழு. சின்னவன் அவளை அன்ரி என்பான். மூத்தவள் அதுகூட இல்லை. கூப்பிட வேண்டி வந்தால் பக்கத்தில் வந்து நின்று தொண்டையைச் செருமுவாள்.

றெனால்டின் முடிவைக் கேட்டு வேணுஜா அழவில்லை. கணக்குத்தான் போட்டாள். மன்னாரில் இருந்து நீர்கொழும்புக்கு ஒரு பகற்பொழுது பஸ். அவளும் கூடப் போகிறாள். கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு. அந்தப் பகல் முழுக்கப் பிள்ளைகள் பக்கத்தில் இருப்பார்கள். இருபது முப்பது பிள்ளைகளை ஒரு ஓலைக் கொட்டிலுக்குள் வைத்துச் சமாளித்தவளுக்கு இரண்டு பிள்ளையும் ஒரு பஸ்ஸும் பெரிய காரியமா?

முதல் நாளே மன்னார் ரவுணுக்குப் போய், சாஹுல் ஹமீட்டின் பான்சிக் கடையில் நின்றாள்.

"பிரயாணத்தில விளையாடுற சாமான் வேணும் நானா. உருளக்கூடாது, சத்தம் போடக்கூடாது, கன நேரம் குனிஞ்சு பாக்கவும் கூடாது. பிள்ளை சத்தி எடுத்துப்போடும்."

"இப்பத்தப் பிள்ளைக்குப் போன் காணும்தானே தங்கச்சி."

"போன் குடுத்தால் பிள்ளை போனோட இருக்கும். எனக்குப் பிள்ளை என்னோட இருக்க வேணும்."

சாஹுல் ஹமீட் சிரித்துக்கொண்டே தட்டுகளைக் கிண்டினார். லூடோவை எடுத்தார். தாயக்கட்டை சீற்றுக்கு அடியில் போனால் நீர்கொழும்பில்தான் எடுக்கலாம் என்று வேணுஜா தள்ளிவிட்டாள். கடைசியில் உள்ளங்கை அளவு காந்தச் சதுரங்கப் பலகை ஒன்று தேறியது. திரும்பி வரும்போது ஓட்டோவில் மடியில் வைத்து, தாழ்வுபாட்டு றோட்டின் குழிகளில் எல்லாம் அதைச் சோதித்தாள். ஒரு குதிரை மட்டும் சரிந்தது. பரவாயில்லை.

அதோடு றெனால்ட் வலை பொத்துகிற நூலில் ஒரு முழம் வெட்டி முடிச்சுப் போட்டு எடுத்தாள், விரலில் கோத்துக் கட்டிலும் தொட்டிலும் செய்ய. புள்ளி இட்டுப் பெட்டி அடைக்கிற விளையாட்டுக்கு ஒரு கொப்பியும் பென்சிலும். கடையை விட்டு வெளிக்கிடும்போது, "இதையும் கொண்டு போங்க, பிளாஸ்டிக், தண்ணி பட்டாலும் பழுதாகாது" என்று சாஹுல் ஹமீட் நீட்டியிருந்த சீட்டுக்கட்டு, அந்தக் காட்ஸ் கட்டும் பைக்குள் போனது.

காட்ஸைக் கையில் வாங்கியபோது அவளுக்குச் சந்தோசமாகவே இருந்தது. சிவராத்திரி இரவுகளில் அப்பாவும் அண்ணன்மாரும் அவளும் நித்திரை வராமல் இருக்க விடிய விடிய காட்ஸ் விளையாடிய வீடு அவளுடையது.

* * *

காலையில் மன்னார் பஸ் நிலையத்தில் றோஸ்மேரி முந்திக்கொண்டாள். மூன்று பேர் சீற்றில் ஜஸ்ரினை இருத்தி, தானும் இருந்து, கைப்பையில் இருந்து மகனுடைய பழைய டப் கொம்பியூட்டரை எடுத்து அவன் மடியில் வைத்தாள். யன்னல் ஓரத்தில் யாரோ ஒரு மனிதர் ஏற்கெனவே வாயைத் திறந்து நித்திரை.

"கார்ட்டூன் எல்லாம் இறக்கி வச்சிருக்கிறன் அப்பு. நீர்கொழும்பு மட்டும் காணும்."

நடைவழிக்கு இந்தப் பக்கம், இரண்டு பேர் சீற்றில் வேணுஜாவும் கிருஷிகாவும். கிருஷிகா யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

பஸ் பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் தண்ணீர், தூரத்தில் காற்றாடிகள். வேணுஜா நூலை எடுத்து விரல்களில் கோத்தாள். கட்டில் வந்தது. அதைக் குழப்பி மீன்வலை செய்யப் பார்த்து, வேண்டுமென்றே பிழைவிட்டாள்.

மூன்றாம் தரம் பிழைவிட்டபோது கிருஷிகாவால் பொறுக்க முடியவில்லை. "சின்ன விரலாலதான் இழுக்க வேணும்."

"எப்பிடி?"

"தாங்கோ." அவள் நூலை வாங்கினாள். "பேபியளுக்குப் படிப்பிச்சனீங்கள், இதுகூடத் தெரியாதோ?"

"பேபியள் கட்டிலோட நித்திரையாப் போடுங்கள். அதுக்கு மேல படிப்பிக்கிற தேவை வரேல்ல."

கிருஷிகாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பை அடக்கினால் அவளுக்கு அப்படித்தான் கோணும்; வேணுஜா அந்த வருசத்தில் கண்டுபிடித்த சில விசயங்களில் அதுவும் ஒன்று.

மதவாச்சி தாண்டும்போது அவர்கள் சதுரங்கத்துக்கு வந்திருந்தார்கள். கிருஷிகா ராணியைப் பறிகொடுத்துவிட்டு, "அது கணக்கில்ல, பஸ் குலுக்கினது" என்றாள்.

"பஸ் குலுக்கினால் எனக்கும்தானே குலுக்கும்."

"நீங்கள் பாரம். உங்களுக்குக் குலுக்காது."

நடைவழிக்கு அந்தப் பக்கம் ஜஸ்ரின் தலையைத் தூக்கிப் பார்த்தான். டப்பில் ஒரு பூனை எலியைத் துரத்திக்கொண்டு இருந்தது. அவன் அதைப் பார்த்து, பிறகு பலகையைப் பார்த்து, பிறகு மீண்டும் பலகையையே பார்த்தான்.

"ஏன் அக்கா அந்தக் குதிரை விழேல்ல?"

"காந்தம்."

"தலைகீழாப் பிடிச்சாலும் விழாதோ?"

"வந்து பிடிச்சுப் பார்" என்றாள் வேணுஜா.

அவன் டப்பைப் பெரியம்மாவின் மடியில் வைத்துவிட்டு நடைவழியைக் கடந்தான். றோஸ்மேரி டப்பை நிற்பாட்டி, கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்து, பைக்குள் வைத்தாள். முகத்தை யன்னல் பக்கம் திருப்பினாள். அங்கே அந்த மனிதரின் திறந்த வாய்தான் இருந்தது.

வெல்லுகிறேன் என்று வேணுஜா நினைத்தது அப்போதுதான். அப்படி நினைத்ததைப் பிறகு பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறாள். பிள்ளைகள் வெல்லுகிற சாமான் இல்லை.

* * *

புத்தளத்துக்கு இப்பால் ஒரு சாப்பாட்டுக் கடையில் பஸ் நின்றது. ரீயும் றோல்சும் முடிந்து எல்லோரும் ஏறினார்கள். வயிறு நிறைந்த பிள்ளைக்குச் சதுரங்கம் சரிவராது, சிரிக்கிற விளையாட்டுத்தான் வேண்டும் என்று வேணுஜாவுக்குத் தெரியும். துணிப்பைக்குள் கையை விட்டு அந்தக் கட்டை எடுத்தாள். உறையைக் கிழித்து, சிவராத்திரி வீட்டுப் பழக்கத்தில், இரண்டு கையாலும் சடசடவென்று கலைத்தாள்.

கிருஷிகாவின் கை மடியில் அப்படியே நின்றது.

ஜஸ்ரின் காட்ஸைப் பார்த்தான். பிறகு பெரியம்மாவின் கறுப்புக் கரை வைத்த சேலையைப் பார்த்தான். பிறகு வேணுஜாவைப் பார்த்துக் கேட்டான்.

"ஆர் செத்தது?"

சத்தமாகக் கேட்கவில்லை. நேரம் என்ன என்று கேட்பதுபோலக் கேட்டான்.

வேணுஜாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. விளங்கியதும் கையில் இருந்த கட்டு பாரமாகிவிட்டது.

செத்தவீட்டில் இரவிரவாகக் காட்ஸ் விளையாடுவது எங்கள் பக்கத்து வழக்கம். சவப்பெட்டியைத் தனியே விடக்கூடாது, ஆட்கள் முழித்திருக்க வேண்டும், முழித்திருக்க ஏதாவது வேண்டும். முற்றத்தில் பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் மேசை போட்டு, ஆம்பிளைகள் விடியும்வரை முந்நூற்றி நாலு என்கிற காட்ஸ் ஆட்டம் ஆடுவார்கள். உள்ளே ஒப்பாரி, வெளியே துரும்புச் சீட்டு. வளர்ந்தவர்களுக்கு அது கண்ணில் படுவதே இல்லை. அம்மா செத்தபோது நாலு வயதாயிருந்த ஜஸ்ரினுக்கு வேறு எதுவும் கண்ணில் பட்டிருக்காது.

"என்ன வேலை பாத்தனீர்?" றோஸ்மேரி நடைவழியைக் கடந்து குனிந்தாள். குரலைத் தாழ்த்தியிருந்தாள், தாழ்த்தியதால் அது இன்னும் வெட்டியது. "செத்தவீட்டுச் சாமானைத் தாயில்லாப் பிள்ளையின்ர கையில குடுக்கிறீரோ? உங்கட வயல் பக்கத்தில மனுசர் சாகிறதில்லையோ?"

"சாகிறதுதான் அக்கா. நான் யோசிக்கேல்ல. பிழைதான்."

"பிழை எண்டு சொன்னால் முடிஞ்சுதோ?"

ஜஸ்ரின் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. "அப்பாவோ?" என்றான்.

"ஐயோ அப்பு, அப்பா கடலில. நாளைக்கு வந்திடுவார். ஒண்டும் இல்ல" என்று றோஸ்மேரி அவன் தலையைத் தடவினாள்.

அவன் தலையை இழுத்துக்கொண்டான். "அண்டைக்கும் நீங்கள் இப்பிடித்தான் சொன்னனீங்கள். அம்மாவைப் பாக்கப் போறம் எண்டு ஒரு வான் பிடிச்சு ஏத்தினனீங்கள். நான் அம்மா கதைப்பா எண்டு நினைச்சன். போனால் எல்லாரும் காட்ஸ் விளையாடுகினம். ஒரு மாமா எனக்கு ராசா படம் போட்ட ஒண்டு தந்தவர், வச்சிரு எண்டு. இண்டைக்கும் பஸ்ஸில ஏத்தி, அப்பாவைப் பாக்கப் போறம் எண்டு சொல்லுறியள்."

றோஸ்மேரி நடைவழியில் நின்றாள். பஸ் குலுங்கியபோது சீற்றின் இரும்பைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகப் பள்ளிக்கூட வாசலில் நின்ற அவளும் ஒரு தங்கையைப் பறிகொடுத்தவள்தான். எதைச் சொல்லி அந்த வானில் ஏற்றியிருக்க முடியும் என்று அவள் முகம் கேட்டது.

"கோல் எடுங்கோ" என்றான் ஜஸ்ரின்.

வேணுஜா எடுத்தாள். அந்த எண்ணை இப்போது அடைய முடியாது என்று ஒரு பெண் மூன்று மொழியிலும் சொன்னாள். கரையில் இருந்து அவ்வளவு தூரத்தில் நிற்கிற வள்ளத்துக்குப் போன் பிடிக்காது. அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் அவன் போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சமாதானம் சொல்வது சுலபம். அப்பாவுக்கு ஒன்றும் இல்லை என்று சத்தியம் பண்ணினால் பிள்ளை அடங்கும். ஆனால் அது அவளுக்கு எப்படித் தெரியும்?

"ஜஸ்ரின், இஞ்ச பார். எனக்குத் தெரிஞ்சதை மட்டும் சொல்லுறன். அப்பா செத்தது எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல. நாளைக்குக் கரைக்கு வாறன் எண்டுதான் போன கிழமை சொன்னவர். இப்ப அவர் என்ன செய்யிறார் எண்டு எனக்கும் தெரியாது. அந்தாள் மீனோட சண்டை பிடிச்சுக்கொண்டு நிக்கும் எண்டு நினைக்கிறன். ஏதும் தெரிய வந்தால், நல்லதோ கூடாததோ, உடன உனக்கும் அக்காவுக்கும் சொல்லுவன். ஒளிக்க மாட்டன்."

அவன் யோசித்தான். பஸ் இரண்டு தென்னந்தோட்டங்களைத் தாண்டிவிட்டது.

"ஊசி போடேக்க எல்லாரும் நோகாது எண்டு சொன்னவை" என்றான் கடைசியில். "நீங்கள் மட்டும் நோகும் எண்டு சொன்னனீங்கள்."

"நொந்ததோ?"

"நொந்தது."

அவ்வளவுதான். அவன் கன்னத்தைத் துடைத்தான். "அப்ப ஏன் காட்ஸ் கொண்டு வந்தனீங்கள்?"

அவள் சிவராத்திரியைச் சொன்னாள். இரவு முழுக்க நித்திரை கொள்ளக்கூடாது என்பதையும், அப்பா சிவராசா இருந்தபடியே குறட்டை விட்டுக்கொண்டு சரியான காட்ஸைப் போடுவார் என்பதையும், அண்ணன் கள்ளம் அடித்துப் பிடிபட்டு அடுப்படிக்குள் ஒளித்ததையும் சொன்னாள். "உங்கட வீட்டில அழுதுகொண்டு முழிச்சிருந்தவை. எங்கட வீட்டில சிரிச்சுக்கொண்டு முழிச்சிருந்தம். காட்ஸ் ஒண்டுதான். வேண்டாம் எண்டால் பைக்குள்ள வைக்கிறன். கோவிக்க மாட்டன்."

"கள்ளம் எப்பிடி அடிக்கிறது?" என்று கேட்டாள் கிருஷிகா.

"அதை முதல் நாளே சொல்லித்தாறதில்ல."

ஜஸ்ரின் கட்டை வாங்கினான். ஒவ்வொன்றாகப் புரட்டி ஒரு ராசாவைக் கண்டுபிடித்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கட்டுக்குள் செருகி, "ரெண்டு பேர் விளையாட்டோ, மூண்டு பேர் விளையாட்டோ?" என்றான்.

"கழுதை விளையாடுவம். கனபேர் இருந்தால்தான் நல்லது." வேணுஜா நடைவழிக்கு அப்பால் பார்த்தாள். "அக்கா, நீங்களும் வாங்கோ."

"எனக்கு உதெல்லாம் தெரியாது."

"பொய்" என்றாள் கிருஷிகா. "சித்தப்பாவின்ர கலியாணத்துக்குள்ள நீங்கள் விளையாடினதை நான் கண்டனான்."

றோஸ்மேரி தன் சீற்றிலேயே இருந்தாள். ஜஸ்ரின் எழும்பிப் போய், அவளுடைய பங்கை அவள் மடியில் வைத்தான். வைத்த கையை உடனே எடுக்கவும் இல்லை. அவள் காட்ஸைக் கையில் எடுத்து, விசிறிபோல விரித்து, சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் ஒரு நொடியில் அடுக்கினாள். தெரியாதவளின் கை அல்ல அது.

நடைவழியில் துணிப்பையை விரித்து விளையாடினார்கள். கொண்டக்டர் பையைத் தாண்டும்போது, "இது பஸ்ஸா, கிளப்பா?" என்று கேட்டான். கேட்ட இனத்தில் சீட்டு இல்லாதவர் அடுத்தவர் தலையில் வெட்டிவிட, வெட்டுப்பட்டவர் எல்லாவற்றையும் அள்ள, கடைசியில் கையில் காட்ஸ் மிஞ்சியவர் கழுதை. முதலாம் ஆட்டத்தில் வேணுஜா. இரண்டாம் ஆட்டத்தில் றோஸ்மேரி.

"மன்னார்க் கழுதை பாலம் தாண்டாது எண்டு பாத்தன்" என்றாள் கிருஷிகா, மன்னார்த் தெருக்களில் திரிகிற கழுதைகளை நினைத்து. "டிக்கெட் எடுத்து வந்திட்டுது."

"பெரியம்மாவைக் கழுதை எண்ட வாயைத் தைக்க வேணும். போடு அடுத்த ஆட்டத்தை" என்றாள் றோஸ்மேரி. யன்னல் ஓரத்து மனிதர் எப்போதோ எழும்பி, அவளுடைய காட்ஸை எட்டிப் பார்த்து, எதைப் போட வேண்டும் என்று கண்ணால் காட்டிக்கொண்டு இருந்தார்.

* * *

சிலாபம் தாண்டிய பிறகுதான் வேணுஜாவின் போன் அடித்தது. பிரசாந்தன், வள்ளத்து முதலாளிக்குக் கரையில் வேலை பார்க்கிறவன், றெனால்டுக்குப் பழக்கமானவன். அவள் காதில் வைத்துக் கேட்டாள். ஓம் என்றாள். எத்தினை மணிக்கு என்றாள். ஆருக்கு என்றாள். பிறகு, "தெரிஞ்ச உடன எடுங்கோ" என்று சொல்லிப் போனை இறக்கினாள்.

காட்ஸைப் பிடித்திருந்த மூன்று கைகளும் நின்றுவிட்டன.

றோஸ்மேரி பிள்ளைகளின் தலைக்கு மேலால் அவளைப் பார்த்து, கண்ணை மூடித் திறந்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "வேணு," என்றாள், "வீட்ட போய்க் கதைப்பம். பஸ்ஸில வச்சு ஒண்டும் வேண்டாம். பிள்ளை இப்பதானே சிரிச்சவன்."

அதில் வஞ்சகம் இல்லை என்று வேணுஜாவுக்குத் தெரிந்தது. அன்றைக்கு வானில் ஏற்றியபோதும் வஞ்சகம் இருந்திருக்காது. நீர்கொழும்புக்கு இன்னும் கொஞ்சத் தூரம்தான். அதுவரைக்கும் சிரித்துக்கொண்டு போகட்டுமே என்று அவளுக்கும் ஆசையாக இருந்தது.

"சொல்லட்டும் பெரியம்மா" என்றாள் கிருஷிகா.

அவள் பெரியம்மாவைப் பார்க்காமல், வேணுஜாவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். ஜஸ்ரின் காத்துக்கொண்டு இருந்தான்.

வேணுஜா சொன்னாள். "அப்பாவின்ர வள்ளத்தில எஞ்சின் பழுதாப் போச்சுதாம். வேற வள்ளம் ஒண்டு கட்டி இழுத்துக்கொண்டு வருகுது. கயிறு அறுந்து ஒராளுக்குக் காயம். ஆருக்கெண்டு பிரசாந்தன் அண்ணைக்கு இன்னும் தெரியாது. வள்ளத்தில அப்பாவோட சேத்து ஆறு பேர். செத்தது எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவும்தான்."

"கையிலயோ, காலிலயோ?"

"கேட்டனான். அதுவும் தெரியாதாம்."

ஜஸ்ரின் அழுதான். ஆனால் அழுதுகொண்டே நகர்ந்து வந்து, கிருஷிகாவுக்கும் வேணுஜாவுக்கும் நடுவில் இல்லாத இடத்தில் தன்னைச் செருகிக்கொண்டான். கிருஷிகா இடம் விட்டு ஒதுங்கினாள். ஒதுங்கியவள் வேணுஜாவின் பக்கமாகத்தான் சாய்ந்தாள். றோஸ்மேரி கழுத்தில் கிடந்த செபமாலையைக் கையில் எடுத்து, மறு கையை நடைவழிக்கு மேலால் நீட்டினாள். வேணுஜா அந்தக் கையைப் பிடித்தாள். காட்ஸ் எல்லாம் பையின் மேல் முகம் தெரியக் கிடந்தன. ஒருவரும் ஒருவருடையதைப் பார்க்கவில்லை.

போன் மறுபடியும் அடித்தது. பிரசாந்தன்.

வேணுஜா காதுக்குக் கொண்டு போனாள்.

"அன்ரி," என்றான் ஜஸ்ரின், "எங்களுக்கும் கேக்கிற மாதிரி எடுங்கோ."

அவள் போனைக் காதில் இருந்து எடுத்து, நாலு பேருக்கும் நடுவில் பிடித்து, ஸ்பீக்கரை அழுத்தினாள்.